மூக்குப்பொடிக் குழி

ஐயோ அக்காவின் தோள்பட்டை விளிம்பு எங்கே முடிகிறது, கழுத்துக்குக் கீழே துருத்தும் முள்ளெலும்பு எது, முழங்கால் மூட்டின் இடைவெளி எந்த இடத்தில் விரலுக்கு அகப்படும் என்று கண்ணை மூடிக்கொண்டே தொட்டுச் சொல்லிவிடுவாள் உதவி ஆசிரியை. அவர் முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது. முகங்களைப் பார்ப்பது அவளுக்கு எப்போதும் கொஞ்சம் சிரமம். எலும்புகள் திருப்பிப் பார்ப்பதில்லை.

பிசியோதெரபி கல்லூரியில் அவள் செய்முறை வகுப்பு எடுத்தாள். தோலுக்கு மேலே விரல் வைத்து, உள்ளே இருக்கும் எலும்பையும் தசைநாணையும் அடையாளம் காண மாணவர்களைப் பழக்குவது வேலை. பழக ஓர் உடம்பு வேண்டும். நிஜ நோயாளியை ஒரு வகுப்பே வரிசையில் நின்று அழுத்தினால் அவர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவிடுவார். அதனால் வலியை நடித்துக் காட்டச் சிலரைக் கல்லூரி வரவழைத்திருந்தது. அவர்களில் முதல் இடம் ஐயோ அக்காவுக்கு. அந்தப் பெயரை மாணவர்கள் வைத்தார்கள். அழுத்த வேண்டிய இடத்தில் விரல் பட்டதும் அவர் போடுகிற 'ஐயோ'வில் புது மாணவர்கள் கையை உதறிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் முட்டியிருக்கிறார்கள்.

மற்ற நாட்களில் அவர் ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதுகிறவர். "நாள் முழுக்க நின்னுக்கிட்டே ஊரார் பேரை எழுதுறேன். இங்க வந்தா படுத்துக்கிட்டே வேலை. எங்க கிடைக்கும் சொல்லு பாப்பா" என்பார். உதவி ஆசிரியையை அவர் மட்டும்தான் பாப்பா என்று கூப்பிட்டார். அவளுக்கு அது பிடித்திருந்தது. சொன்னதில்லை.

நடிப்புக்கு ஒரே ஒரு விதி உண்டு. அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். "மணி அடிச்சா நீங்க நோயாளி. அடுத்த மணி வரைக்கும் கேஸை விட்டு வெளிய வரக்கூடாது. சிரிக்கக்கூடாது, சொந்தக் கதை பேசக்கூடாது."

"என் வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லு பாப்பா. அவர் தும்மினாலே சொந்தக் கதைதான்" என்று அக்கா சொன்னார். ஆனால் விதியை ஒருநாளும் மீறவில்லை.

செய்முறைத் தேர்வு அன்று நான்கு அறைகள். தோள், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால். அந்த முறைதான் ஏற்பாடு முழுவதும் முதன்முதலாக அவள் பொறுப்பு. துறைத் தலைவர் காலையிலேயே கதவோரம் வந்து நின்று, "எல்லாம் நேரத்துக்கு நடக்கணும்மா. போன தடவை மாதிரி சந்தைக்கடை ஆக்கிடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். போன தடவை அவள் இந்தக் கல்லூரியிலேயே இல்லை. சரி சார் என்றாள்.

மணிக்கட்டு நோயாளியாக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். அவள் தாளும் கையுமாகத் தவித்துக்கொண்டிருந்தபோது ஐயோ அக்கா வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கு முழங்கால் அறை போட்டிருந்தது.

"பாப்பா, இன்னைக்கு மணிக்கட்டை நான் பண்றேனே."

"உங்களுக்கு முழங்கால்தானே பழக்கம்?"

"கையும் பழக்கம்தான். வகுப்புல எலும்பைக் காட்ட எத்தனை தடவை என் கையில பேனாவால பொட்டு வெச்சிருக்க. முழங்காலுக்கு அந்த வாட்ச்மேன் அண்ணனைப் போடு. அவர் நொண்டவே வேண்டாம், நிஜமாவே நொண்டுறார்."

அவளுக்கு மூச்சு வந்தது. சரி என்று சொல்லிவிட்டு, கேஸை ஒருமுறை சரிபார்க்க அக்காவின் வலது கையைக் கேட்டாள்.

கேஸ் இதுதான். கையை ஊன்றி விழுந்த பெண். கட்டைவிரலுக்கு அடியில் வலி. கட்டைவிரலை வெளியே விரித்துத் தூக்கினால் மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு தசைநாண்கள் கம்பிபோல எழும். நடுவில் சின்னப் பள்ளம் விழும். முன்காலத்தில் அந்தப் பள்ளத்தில் பொடியை வைத்து உறிஞ்சினார்களாம். மூக்குப்பொடிக் குழி என்று பெயர். குழியின் தரையில் முந்திரிப் பருப்பு அளவில் படகுபோல ஓர் எலும்பு கிடக்கிறது. ஊன்றி விழுந்தவருக்கு அந்தக் குழியில் அழுத்தும்போது வலித்தால், எலும்பு முறிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியாவிட்டாலும் கட்டுப் போட வேண்டும். அந்த எலும்புக்கு ரத்தம் ஒரு முனை வழியாகத்தான் போகிறது. உடைந்ததைக் கவனிக்காமல் விட்டால் மறுமுனை பட்டினி கிடந்து செத்துப்போகலாம்.

அக்காவின் குழி வகுப்பில் பிரசித்தம். அவ்வளவு ஆழமான குழி எல்லோருக்கும் அமையாது. ஒருநாள் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினாள். தண்ணீர் அப்படியே நின்றது. "பாத்தியா, என் கையிலயே கிணறு" என்று அக்கா அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

இப்போது அவர் கட்டைவிரலை விரித்தார். உதவி ஆசிரியை சுட்டுவிரலை வைத்தாள். விரல் உள்ளே இறங்கவில்லை.

தரை மேலே வந்துவிட்டதுபோல இருந்தது. கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருந்தது. அக்கா வழக்கமான 'ஐயோ'வைப் போடவில்லை. பல்லுக்கு நடுவே காற்றை உள்ளே இழுத்தார். அவ்வளவுதான்.

ஒரு கணம் விரல் அங்கேயே இருந்தது. எப்போதும் மாணவர்களிடம் சொல்வாள், இன்னொரு கையையும் பார், ஒப்பிட்டுப் பார்க்காதவன் எதையுமே பார்க்காதவன் என்று. அக்காவின் இடது கை மடியில்தான் இருந்தது. வெளியே வராந்தாவில் தலைவரின் செருமல் கேட்டது. மணி அடிக்கப் போகிறார்கள்.

"பிரமாதம் அக்கா" என்றாள். "இன்னைக்குத்தான் நிஜம் மாதிரியே இருக்கு."

அக்கா அவளைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவர், மணி அடித்ததும் வாயை மூடிக்கொண்டு நோயாளியாகிவிட்டார்.

மாணவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வணக்கம் சொன்னார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். குழியைக் கண்டுபிடித்து அழுத்தினார்கள். அக்கா காற்றை இழுத்தார். அவர்கள் நிமிர்ந்து, "வீக்கம் இல்லை. குழியில் வலி இருக்கிறது. உங்களுக்குப் படகெலும்பு முறிந்திருக்கலாம். உடனே எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப் போட வேண்டும்" என்றார்கள். கடைசி வாக்கியத்துக்குத் தனி மதிப்பெண் இருந்தது. அதனால் யாரும் அதை விடவில்லை. வீக்கம் இல்லை என்பதற்கும் மதிப்பெண் இருந்தது. நடிக்கிறவரால் வலியை வரவழைக்க முடியும், வீக்கத்தை வரவழைக்க முடியாது. அதனால் இந்தக் கேஸில் எப்போதும் வீக்கம் இல்லை. சீனியர்கள் சொல்லி அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கையைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டவர்களும் உண்டு.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உதவி ஆசிரியை டிக் அடித்துக்கொண்டிருந்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் போனபின் அக்காவின் நெற்றியில் வேர்வை தெரிந்தது. மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள்.

மதியத்துக்கு முன்னால் வானொலி வந்தாள். வாய் ஓயாது என்பதால் வகுப்பு வைத்த பெயர். வழக்கம்போல வரும்போதே பேசிக்கொண்டு வந்து, அக்காவின் கையைப் பிடித்ததும் நிறுத்தினாள். வலது கை. பிறகு இடது கை. மறுபடி வலது. விரலை எடுத்துவிட்டாள்.

"மிஸ், இடது கையில குழி இருக்கு. வலது கையில இல்ல."

உதவி ஆசிரியை தாளைப் பார்த்தாள். "கேஸ்ல இருக்கிறதைச் சொல்லுங்க."

"கேஸ்ல இல்ல மிஸ், கையில இருக்கு. சூடாவும் இருக்கு. நான் இதுக்கு மேல அழுத்த மாட்டேன்." அக்காவிடம் குனிந்தாள். "அக்கா, நிஜமா வலிக்குதா?"

அக்கா உதவி ஆசிரியையைத்தான் பார்த்தார். கேஸை விட்டு வெளியே வரச் சொல்வாளா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு கேஸில் உள்ளதையே சொன்னார். "கையை ஊன்றி விழுந்துட்டேன்மா. வலி உயிர் போகுது."

தலைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன, இங்க மட்டும் தாமதம்?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் உதவி ஆசிரியை. வானொலியிடம், குரல் வெளியே போகாமல், "முடிக்கிறீங்களா, அடுத்தவங்களைக் கூப்பிடவா?" என்றாள்.

வானொலி முடிக்காமல் போனாள். வீக்கம் இல்லை என்ற இடத்தில் பெருக்கல் குறி. அழுத்திப் பார்த்த முறையில் பாதி. நோயாளியிடம் அறிவுரை, பூஜ்யம். கூட்டிப் பார்த்தால் அவள் அந்த அறையில் தேறவில்லை.

சாயங்காலம் எல்லாம் முடிந்து நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கைப்பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன பாப்பா, அத்தனை பேரும் உடைஞ்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. நிஜமாவே உடைஞ்சிருக்குமோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அவளும் சிரித்தாள். "நீங்கதான் இன்னைக்கு முதல் மார்க் அக்கா."

"அப்போ சரி" என்றார் அக்கா. படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரை இடது கையால் பிடித்துக்கொண்டு போனார்.

வீட்டில் அண்ணன் கூடத்துத் தரையில் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவள் அண்ணன் எதிரில் உட்கார்ந்து, "கட்டைவிரலைத் தூக்கு" என்றாள்.

"எதுக்கு? நான் தோத்துட்டேனா, ஜெயிச்சுட்டேனா?"

"தூக்கேன்."

குழி விழுந்தது. விரலை வைத்தாள். இறங்கியது. தன் கையிலும் பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா, "எனக்கு ஒண்ணுமில்ல, விடு, துணி கலையுது" என்றார். அம்மாவின் கையிலும் இறங்கியது.

"இவளுக்கு ஆளைப் பார்த்தா எலும்புக்கூடுதான் தெரியும்மா. மாப்பிள்ளை பார்த்தாலும் முதல்ல முட்டியைத்தான் தட்டிப் பார்ப்பா" என்றான் அண்ணன். அம்மா சிரித்தார். அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

அக்காவுக்கு வலித்திருந்தால் சொல்லியிருப்பார். வாய் இல்லாதவரா என்ன? நாளெல்லாம் க்ரீம் பையைப் பிழிகிற கை, கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். கொஞ்சம் சதை போட்டிருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டாள். சதை ஒரு கையில் மட்டும் போடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அக்காவின் எண் கைபேசியில் இருந்தது. கூப்பிட்டு என்ன கேட்பது? குழி நிரம்பியிருந்ததே என்றா? அப்போதே ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்டால்?

மறுநாள் கூப்பிடலாம் என்று கைபேசியைக் கீழே வைத்தாள். மறுநாள் விடைத்தாள் வேலை இருந்தது. அதற்கடுத்த நாள், இவ்வளவு நாள் கழித்துக் கேட்டால் வித்தியாசமாக இருக்குமே என்று தோன்றியது. ஒரு வாரம் போய்விட்டது. வகுப்பில் தோள்பட்டை நடத்தும்போதும், இடுப்பெலும்பின் முன்முனையைக் காட்டும்போதும் சுட்டுவிரலின் நுனியில் அந்த வெதுவெதுப்பு வந்து வந்து போயிற்று. சோப்புப் போட்டாலும் போகவில்லை என்று சொன்னால் அறிவியல் படித்தவள் பேசுகிற பேச்சா என்பார்கள்.

தேர்வு முடிவுகள் ஒட்டிய அன்று வானொலி ஆசிரியர் அறைக்கு வந்தாள். கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள்.

"மிஸ், மணிக்கட்டுல என்னை ஃபெயில் பண்ணிட்டீங்க."

"மதிப்பெண் முறைப்படிதான்..." என்று ஆரம்பித்தாள் உதவி ஆசிரியை.

"மார்க் வேணாம்னு சொல்ல நான் ஒண்ணும் தியாகி இல்ல மிஸ். மார்க் வேணும். வீட்டுல அப்பா என்னைக் கேள்வி கேட்டே கொன்னுடுவார். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அந்த அக்கா கை எப்படி இருக்கு?"

உதவி ஆசிரியை மேசை மேல் இருந்த பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"தெரியாது."

"போன் பண்ணலையா?"

"இல்ல."

வானொலி கதவுப் பக்கம் இரண்டடி போய்த் திரும்பினாள். அப்புறம், "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன் மிஸ். நீங்கதானே அந்தக் குழியில தண்ணி விட்டுக் காட்டினீங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. போய்விட்டாள்.

அவள் அன்று மதிய வகுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பேக்கரிக்குப் போனாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கேக்குகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மேலும் பெயர் இல்லை. கல்லாவில் இருந்த முதலாளி, "கேக் எழுதுறவங்களா? பின்னாடி இருக்காங்க. ஆனா இப்ப எழுதுறதில்ல. போன வாரம் 'வாழ்த்துகள்'னு எழுதினாங்க, புழு ஊர்ந்த மாதிரி இருந்துச்சு. வாங்கினவர் சண்டைக்கு வந்துட்டார். இப்ப பெட்டி மடிக்கிறாங்க" என்றார்.

பின்கட்டில் மாவு மூட்டைகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து அக்கா அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை. பெட்டியை முழங்காலால் அணைத்துக்கொண்டு இடது கையால் மூலைகளைச் செருகினார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, பாப்பா! அடுத்த பரீட்சை வந்துருச்சா?"

"கையைக் காட்டுங்க அக்கா."

"வந்ததும் வராததுமா கையா? உக்காரு முதல்ல. இவ எப்பவும் இப்படித்தான்" என்று மாவு பிசைகிறவரிடம் சொன்னார். "வணக்கம் கிடையாது, எலும்புதான்."

பட்டையை அவிழ்த்தாள். கட்டைவிரலை விரிக்கச் சொன்னாள். பாதிதான் விரிந்தது. இந்தமுறை இடது கையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையில் பள்ளம். வலது கையில் சமதரை. மெல்லத் தொட்டாள். அக்கா காற்றை இழுத்தார்.

"எப்ப விழுந்தீங்க?"

"பரீட்சைக்கு முந்தின நாள். இதோ இங்கதான். எண்ணெய் கொட்டியிருந்துச்சு, நான் பார்க்கல. கையை ஊன்றிட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. மணிக்கட்டு நான் பண்றேன்னு கேட்டேனே." அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் வீணாப் போகும். இங்க ஒரு வகுப்பே வந்து பார்க்கப்போகுது, உனக்கும் ஆள் கிடைச்ச மாதிரி இருக்கும், எனக்கும் கையைப் பார்த்த மாதிரி இருக்கும்னு கணக்குப் போட்டேன். பார்த்தா வர்றவன் போறவன் எல்லாம் ஒரே மாதிரி உடைஞ்சிருக்கு, உடைஞ்சிருக்குங்கிறான். ஒரு எழுத்து மாறல. சரி, மனப்பாடம் பண்ணி ஒப்பிக்குதுங்கன்னு விட்டுட்டேன். அந்தத் தொணதொண பொண்ணு ஒருத்திதான் வேற மாதிரி பேசிச்சு. நீ ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லலேன்னா ஒண்ணும் இருக்காதுன்னுதான் நான்..."

அவளால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. "வாங்க, எக்ஸ்ரே எடுக்கலாம்."

"பெட்டி?"

"நான் அப்புறம் வந்து மடிக்கிறேன். வாங்க."

ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவர் படத்தை விளக்குப் பலகையில் செருகினார். சின்ன எலும்பின் இடுப்பில் மெல்லிய கறுப்புக் கோடு. படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும் கோடு.

அக்கா தன் வேலையைச் சொன்னார். "எழுதுற கையா? கேக்லயா?" மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கு. கட்டைவிரலோட சேர்த்துக் கட்டுப் போடுவோம். மாசக்கணக்கா இருக்கணும். கூடலேன்னா ஆபரேஷன் பண்ணித் திருகாணி போடணும். அப்புறமும் பழைய பிடிப்பு வருமான்னு இப்பவே சொல்ல முடியாது. உடனே வந்திருந்தா இவ்வளவு கவலை இல்ல. இதுக்கு முன்னாடி யாராவது பார்த்தாங்களா?"

"ஒரு வகுப்பே பார்த்துச்சு டாக்டர்" என்றார் அக்கா.

மருத்துவருக்குப் புரியவில்லை. உதவி ஆசிரியையைப் பார்த்தார். அவள் அவருடைய சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் பார்த்தேன் டாக்டர். தேர்வு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. குழி நிரம்பியிருந்துச்சு. சூடு இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. அப்புறம் ஒரு மாணவி சொன்னா. அவளையும் பேச விடல."

மருத்துவர் படத்தைப் பலகையிலிருந்து எடுத்தார். கட்டு அறைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒருவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்தது. எடுத்துச் சாய்த்தார். மறுபடி விழுந்தது. மற்ற நாளாயிருந்தால் அக்கா இதற்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

"அப்போ உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"விரலுக்குத் தெரிஞ்சுது அக்கா."

"விரல் உன்னோடதுதானே."

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நான் வலியில இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ பிரமாதம்னு சொன்ன. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஒவ்வொருத்தன் அழுத்தும்போதும், பாப்பாவோட பரீட்சை, கெட்டுறக்கூடாதுன்னு..." அக்கா நிறுத்தினார். அழவில்லை. வலது கையை இடது கையில் ஏந்தி, தூங்கும் குழந்தையை மாற்றிப் போடுவதுபோல மடியின் மறுபக்கம் வைத்துக்கொண்டார். அவள் இருக்கும் பக்கத்திலிருந்து தள்ளி.

"மன்னிச்சிடுங்க அக்கா."

"சரிங்க மிஸ்" என்றார் அக்கா.

கட்டு அறையில் மாவுக்கட்டு போடுகிறவர் வாளித் தண்ணீரில் பட்டையை நனைத்துப் பிழிந்தார். கட்டைவிரலையும் உள்ளே சேர்த்து, கண்ணாடி டம்ளரைப் பிடித்தாற்போல கையை வைக்கச் சொன்னார். அக்காவால் அப்படியே நிறுத்த முடியவில்லை.

"கூட வந்தவங்க யாரு? நீங்கதானே, வாங்க. கட்டு இறுகுற வரைக்கும் விரலைத் தாங்கிப் பிடிங்க. அழுத்தக்கூடாது. அழுத்தினா உள்ளே குழி விழும், புண்ணாயிடும். சும்மா தாங்கணும்."

அவள் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டாள். ஈர மாவு மணிக்கட்டில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டு சூடேற ஆரம்பித்தது. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் இவ்வளவு அருகில் இருந்தது. அவள் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எத்தனை நாள் தூக்கம் இல்லையோ.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கட்டுக்காரர் பேச்சுக்குக் கேட்டார்.

அவள் பதில் தேடுவதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "பரீட்சை வெச்சவங்க." கட்டுக்காரர் தலையாட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனார்.

"அந்தத் தொணதொண பொண்ணு" என்றார் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடியே. "அது பாஸா?"

"இல்ல."

"ஏன்?"

"வீக்கம் இருக்குன்னு சொன்னதுக்கு. நாளைக்குத் தலைவர்கிட்ட பேசிச் சரி பண்றேன்."

"நாளைக்கு, நாளைக்குன்னுதானே இந்தக் கை இப்படி ஆச்சு. இப்பப் பேசுங்க. நான் எங்கயும் ஓடல."

கட்டு இன்னும் முழுசாக இறுகவில்லை. அவள் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கைபேசியை எடுத்தாள். மாவு படிந்த விரலுக்குத் திரை சரியாகக் கேட்கவில்லை. புடவை மடிப்பில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மணி போயிற்று. தலைவர் எடுத்தார். பின்னால் வண்டிகளின் சத்தம், அவர் சாலையில் இருந்தார்.

"சார், மணிக்கட்டு அறைல ஒரு மாணவிக்கு நான் தப்பா மார்க் போட்டுட்டேன். நோயாளிக்கு நிஜமாவே முறிவு. எனக்கு அது..."

"என்னம்மா? ஒண்ணும் கேக்கல. எப்பவும் வாய்க்குள்ளயே பேசுறது. சத்தமா சொல்லு."

அறையில் வேறு இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். தொட்டியருகே கட்டுக்காரர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். அக்காவும் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் கட்டின் அடியில் இருந்த கையை அசைக்காமல் நிமிர்ந்து, முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"சார், எனக்குத் தெரியும். அன்னைக்குக் காலையிலயே தெரியும்."